குறை கேட்கப் போனவர்

கோயமுத்தூரை ஒட்டிய கணபதியில் என் பட்டறைக்கு நேர் எதிரே அந்தம்மாவின் பட்டறை இருந்தது. இரண்டிலும் தயாரானது ஒரே பொருள்தான், மாவாட்டும் கிரைண்டர். நடுவில் ஒரு லாரி போகிற அகலத்துக்கு மண் ரோடு. அங்கே டீ கொதித்தால் எனக்கு மணக்கும். இங்கே நான் யாரையாவது திட்டினால் அங்கே கேட்கும். ஒரே தொழிலை எதிரும் புதிருமாக உட்கார்ந்து செய்கிறவர்கள் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். கோயமுத்தூரில் அப்படிக் கிடையாது. ஸ்பேனர் இல்லாவிட்டால் ஸ்பேனர் வாங்கிக்கொள்வோம், வெல்டிங்குக்கு ஆள் வராவிட்டால் ஆளை வாங்கிக்கொள்வோம். வாடிக்கையாளரை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டோம்.

அவர் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பட்டறை போர்டில் அவர்களுடைய குலதெய்வத்தின் பெயர் இருந்தது. தெருவுக்கே அவர் ‘அந்தம்மா’. எனக்கும் அவருக்கும் வயது ஒன்றிரண்டுதான் முன்பின் இருக்கும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இருவருக்கும் நாற்பதை ஒட்டிய வயது. நான் மில்லில் ஃபிட்டராக இருந்து, வேலையை விட்டுவிட்டு ஷெட்டை வாடகைக்குப் பிடித்தவன். அவர் வீட்டுக்காரர் லேத் ஓட்டுவதில் கெட்டிக்காரர். வாய் திறந்து பேசத் தெரியாத மனிதர். பேச்சு மொத்தமும் அந்தம்மாவின் பொறுப்பில் இருந்தது.

புதன்கிழமை காலை எட்டரை மணிக்கு அந்தம்மா மொபெட்டைக் கிளப்புவார். ஹேண்டில்பாரில் இந்தப் பக்கம் ஒரு தூக்குப்போசி, அந்தப் பக்கம் ஒரு தூக்குப்போசி. ஒன்றில் ஊறப்போட்ட அரிசி, இன்னொன்றில் ஊறப்போட்ட உளுந்து. தெருவுக்குப் புதிதாக வந்தவர்கள், பாவம் மாவு விற்றுப் பிழைக்கிற பெண்மணி போலிருக்கிறது என்று நினைப்பார்கள். உண்மையில் அவர் போனது, தன்னிடம் கிரைண்டர் வாங்கியவர்களின் வீட்டுக்கு. மிஷின் விற்று மூன்று மாதம் ஆனதும், கூப்பிடாமலே போய் நிற்பார். நேராகச் சமையலறைக்குள் நுழைந்து, தரையில் உட்கார்ந்து, கொண்டுபோன அரிசியையும் உளுந்தையும் அந்த வீட்டு மிஷினிலேயே ஆட்டிப் பார்ப்பார். ஆட்டிய மாவை அந்த வீட்டுக்கே கொடுத்துவிட்டு வருவார். போனது மாவு கொடுக்க அல்ல, குறை கேட்க.

எனக்கு இது சுத்தப் பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. கல்லும் இரும்பும் மோட்டாருமாக ஒன்றைச் செய்து விற்றோமா, அடுத்ததைச் செய்தோமா என்று இல்லாமல், விற்ற பொருளின் பின்னால் யாராவது ஊர் ஊராக அலைவார்களா? குறை இருந்தால் அவர்களே வந்து சட்டையைப் பிடிக்கப் போகிறார்கள். என் மிஷினுக்கு ஒரு கம்ப்ளைன்ட்கூட வந்ததில்லை என்று போகிற இடமெல்லாம் மார்தட்டிக்கொண்டிருந்த காலம் அது.

ஒரு புதன்கிழமை அவருடைய மொபெட் பஞ்சர். நான் பேரிங் வாங்க ஸ்கூட்டரில் பீளமேட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். “ஏனுங்க, பீளமேட்டு வழியாத்தான போறீங்க? என்னையும் எறக்கி உட்டுருங்க” என்று போசிகளோடு ஏறிக்கொண்டார். போன இடம் ஒரு கல்லூரி ஆசிரியரின் வீடு. அவர் என்னைக் கூடத்தில் உட்கார வைத்து, “ஏ ஒன் மிஷினுங்க. மூணு மாசமாச்சு, சின்னத் தொந்தரவுகூட இல்லீங்க” என்றார். எதிராளியின் மிஷினைப் பற்றி இப்படிக் கேட்டால் எனக்கு எப்படி இருக்கும்? எரிச்சலை அடக்கிக்கொண்டு காபியைக் குடித்தேன்.

கதவு வழியாகத் தெரிந்த சமையலறைக்குள் வேறு கதை நடந்துகொண்டிருந்தது. அந்த வீட்டம்மா ஒரு கரண்டியைத் தலைகீழாகப் பிடித்து, அதன் காம்பால் கிரைண்டர் சுவிட்சைத் தட்டினார்.

“ஏனுங் அம்மணி, கரண்டில போடறீங்க?” என்றார் அந்தம்மா.

“ஈரக் கையிலங்க. ஷாக் அடிச்சுப்போடுமோன்னு பயமா இருக்குது.”

“அவுங்ககிட்ட சொன்னீங்களா?”

“கையத் தொடச்சுட்டுப் போடு, அவ்வளவுதானம்பாங்க.”

ஆசிரியர் கூடத்தில் பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்தார். திரும்பி வரும்போது அந்தம்மா வழிநெடுகப் பொருமினார். “மாவாட்டறவளுக்குக் காஞ்ச கை எங்கீங்க இருக்கும்? வாங்கறது ஆம்பளைங்க, ஆட்டறது பொம்பளைங்க. நாம பாட்டுக்கு வாங்கறவங்களக் கேட்டுக் கேட்டு மிஷின் செஞ்சுட்டு இருக்கறோம்.” பத்தே நாளில் அவர் மிஷினில் சுவிட்ச் கீழிருந்து மேலே ஏறியது. நீளமான பிளாஸ்டிக் பிடி வைத்து, முழங்கையால் தட்டினாலே ஓடுகிற மாதிரி செய்துவிட்டார். கடைக்காரர்கள் அதைக் காட்டிக் காட்டி விற்றார்கள்.

அடுத்த மாதம் என் மிஷினிலும் முழங்கை சுவிட்ச் வந்தது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எங்கள் ஊரில் ஒருவன் ஒரு புது போல்ட் போட்டால், பொழுது சாய்வதற்குள் அது பத்துப் பட்டறையில் இருக்கும். அந்தம்மா ரோட்டைத் தாண்டி வந்து என் மிஷினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். சண்டைக்குத் தயாராக நான் பேச்சைக் கோர்த்து வைத்திருந்தேன்.

“காப்பியடிச்சா முழுசா அடிக்கோணுமுங்க” என்றார். “வலது பக்கம் வெச்சுப்போட்டீங்களே. வலது கை மாவுக்குள்ள இருக்கும். எடது முழங்கைதான சும்மா இருக்குது?”

சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் அன்றைக்கே சுவிட்சை இடது பக்கம் மாற்றினேன்.

மற்ற பட்டறைகளில் உள்ளே நுழைந்ததும் சாமி படமும் அதற்குப் பக்கத்தில் கண்காட்சியில் வாங்கிய கேடயமும் இருக்கும். அந்தம்மாவின் பட்டறையில் ஒரு கரும்பலகை தொங்கியது. ‘மூடி கனம்.’ ‘டிரம் கழுவினால் அடியில் தண்ணி நிக்குது.’ ‘சத்தத்தில் பாப்பா எந்திரிச்சுக்குது.’ இப்படி வீட்டுப் பெண்கள் சொன்னது சொன்னபடியே சாக்பீஸில் எழுதியிருக்கும். சரிசெய்த பிறகுதான் அழிப்பார். சேலத்திலிருந்து வந்த ஒரு கடைக்காரர் அதைப் படித்துவிட்டு, “ஏம்மா, உங்க பொருளோட குறைய நீங்களே போர்டு எழுதி மாட்டியிருக்கறீங்களே, யாராவது பாத்தா வாங்குவாங்களா?” என்று கேட்டார். “பாத்துப்போட்டு வாங்கறவங்க வாங்கட்டுமுங்க” என்றார் அந்தம்மா. கடைக்காரர் அன்றைக்கு முப்பது மிஷின் எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார். எனக்கு வயிறு எரிந்தது.

இந்தக் குணத்தோடு குடும்பம் நடத்துவது சுலபமாக இருந்திருக்காது. அவர் வீட்டுக்காரர் ஒரே ஒரு தடவை என்னிடம் மனம்விட்டுப் பேசினார். “குழம்புல உப்பு கொஞ்சம் கம்மின்னு ஒரு நாள் சொல்லிப்போட்டேனுங்க. எப்ப இருந்து கம்மி, எந்தக் கொழம்புல கம்மி, புளி சரியா இருந்துதான்னு நோட்டு எடுத்துட்டு வந்து உக்காந்துட்டாங்க. அன்னையிலிருந்து போட்டதத் தின்னுட்டு எந்திரிச்சுக்கறேன்.” கல்யாண வீடுகளிலும் இதே கூத்து. முகூர்த்தம் முடிவதற்குள் அந்தம்மா சமையல் பந்தலுக்குப் போய்ச் சமையல்காரரிடம் மாவைப் பற்றி விசாரித்துக்கொண்டிருப்பார். பெண் வீட்டார் முகம் சுளிப்பார்கள். யாரையும் அவர் பாராட்டி நான் பார்த்ததில்லை. நல்லதைச் சொல்வதால் என்ன லாபம் என்பதுபோல, நன்றாக இருக்கிற பொருளிடம் அவருக்கு ஒரு அலட்சியம்கூட இருந்தது.

என் தொழிலில் பெரிய வாய்ப்பு ஒன்று வந்தது அந்தச் சமயத்தில்தான். மெட்ராஸிலிருந்து ஒரு மொத்த வியாபாரி, தீபாவளிக்கு இருநூறு கிரைண்டர் கேட்டார். நான் மாதத்துக்கு நாற்பது செய்தால் அதிகம். இதை ஒழுங்காக அனுப்பினால் வருஷம் முழுக்க எடுப்பதாக வாக்குக் கொடுத்திருந்தார். வாடகை ஷெட்டிலிருந்து சொந்த இடத்துக்குப் போவதா, இல்லை இப்படியே தெருவோடு தெருவாகக் கிடப்பதா என்பது அந்த இருநூறில் இருந்தது. ஆட்களை இரட்டிப்பாக்கினேன். மிஷின்கள் வரிசையாக அட்டைப்பெட்டிக்குள் போய்க்கொண்டிருந்தன.

எதிர்ப் பட்டறையில் அதே நாட்களில் தலைகீழாக நடந்தது. டெம்போவில் பழைய மிஷின்கள் திரும்பி வந்து இறங்கின. அந்தம்மா விற்றதையெல்லாம் வரவழைத்துப் பிரித்துக்கொண்டிருந்தார். தீபாவளி நேரத்தில் ஒரு வாரம் அங்கே புதிதாக ஒன்றுகூடத் தயாராகவில்லை. உள்ளுக்குள் நான் சந்தோஷப்பட்டேன். பொய் சொல்வானேன்.

ஒரு நாள் மத்தியானம் அவர் ரோட்டைத் தாண்டி வந்து, என் உள்ளங்கையில் ஒரு ரப்பர் வளையத்தை வைத்தார். கிரைண்டரில் சுற்றுகிற குழவிக்கல்லின் நடுவே ஒரு இரும்புத் தண்டு இருக்கும். அது வழுக்கிச் சுற்ற உள்ளே கிரீஸ் வைப்போம். கிரீஸ் வெளியே வராமல் அடைப்பதற்கு இந்த வளையம். சீல் என்போம். அவர் கொடுத்தது வெயிலில் காய்ந்த வடகம் மாதிரி விறைத்து வெடித்திருந்தது.

“பவானில ஒரு ஊட்டுல ஆட்டிட்டு இருந்தேனுங்க. உளுந்து மாவுல மயிர் கணக்கா ஒரு கறுப்புக் கோடு. பிரிச்சுப் பாத்தா சீல் இந்த லட்சணத்துல இருக்குது. மூணு நாலு மாசம் தண்ணி பட்டதும் வெறச்சுக்குது. நீங்களும் அதே கடையிலதான வாங்கறீங்க? மெட்ராசுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி பாத்துப்போடுங்க.”

“என்ற மிஷினுக்கு இதுவரைக்கும் ஒரு கம்ப்ளைன்ட் வந்ததில்லீங்க” என்றேன்.

“வரலீங்களா? போய்க் கேட்டீங்களா?”

அவர் போன பிறகு நான் ஃபிட்டரிடம் சொல்லிச் சிரித்தேன். பெரிய ஆர்டர் போவது பொறுக்கவில்லை, நம்மை நிறுத்தப் பார்க்கிறாள் என்று பேசினேன். ஆனாலும் அந்த வளையத்தைத் தூக்கி எறிய மனம் வரவில்லை. எங்கள் சோதனை, டிரம்மில் தண்ணீர் ஊற்றி ஐந்து நிமிஷம் ஓட்டுவதுதான். ஒருநாளும் உளுந்து போட்டு ஆட்டிப் பார்த்ததில்லை. மிஷின் செய்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. என் மிஷின் ஓடுகிற ஒரு சமையலறையை, என் வீட்டுச் சமையலறை உட்பட, நான் எட்டிப் பார்த்ததில்லை.

மறுநாள் காலை என் மனைவியிடம் ஊறின உளுந்து கேட்டேன். “நீங்களுமா?” என்று வாய்விட்டுச் சிரித்தாள். போசியோடு சிங்காநல்லூருக்குப் போனேன். அங்கே ஒரு மில் தொழிலாளி என்னிடம் மிஷின் வாங்கி ஏழு மாதம் ஆகியிருந்தது. நைட் ஷிஃப்ட் முடித்து வீட்டில் இருந்தார். “தங்கமான மிஷினுங்க, ஒரு கொறையும் இல்லீங்க” என்று வாசலிலேயே சொல்லிவிட்டார். அப்படியே திரும்பியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். ஒரு தடவை ஆட்டிப் பார்க்கிறேன் என்றதும் அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு மனைவியைக் கூப்பிட்டார்.

அந்தப் பெண் உளுந்தைப் போட்டுச் சுவிட்சைத் தட்டுவதற்கு முன்னால், அலமாரியிலிருந்து ஒரு பழைய வேட்டித் துண்டை எடுத்து, குழவியின் தண்டைச் சுற்றிக் கட்டினார். கோயிலில் சாமிக்குத் துண்டு கட்டுகிற பழக்கம் போல, யோசிக்காமல் கை தானாகச் செய்தது.

“எதுக்குங்க துணி?” என்றேன்.

“கறுப்பு வருமுங்க. துணி கட்டினா கொஞ்சம் நிக்கும். அப்பப்ப நிறுத்தித் தொடச்சுட்டு, அந்த எடத்து மாவ வழிச்சுக் கொட்டிருவேன்.”

“எத்தன நாளா?”

“மூணு மாசமா இருக்குமுங்க.”

“ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்லீங்க?”

“எல்லா மிஷினும் இப்படித்தான்னு நெனச்சுட்டேனுங்க.”

கணவர் பதறிவிட்டார். “எங்கிட்டக்கூடச் சொல்லலியே!”

“சொன்னா, நீ என்ன பண்ணித் தொலச்சேன்னு எம்மேலதான் பாய்வீங்க” என்றார் அந்தப் பெண்.

மூன்று மாதமாக ஒரு பெண் நான் செய்த பொருளின் அழுக்கைத் துடைத்துத் துடைத்து, தன் குழந்தைகளுக்கு இட்லி சுட்டிருக்கிறார். அந்த மௌனத்தைத்தான் நான் ஊரெல்லாம் நற்சான்றிதழாகக் காட்டிக்கொண்டு திரிந்திருக்கிறேன். அன்றைக்கே இன்னும் நாலு வீட்டுக்குப் போனேன். மூன்றில் துணி கட்டியிருந்தது.

பட்டறைக்கு வந்து பெட்டிகளைப் பிரிக்கச் சொன்னேன். ஆட்கள் நான் விளையாடுவதாக நினைத்தார்கள். மெட்ராஸுக்கு ஃபோன் போட்டு, தீபாவளிக்கு முடியாது, இருபது நாள் வேண்டும் என்றேன். “தீபாவளி முடிஞ்சப்புறம் எனக்கு எதுக்கு சார் கிரைண்டர்?” என்று வைத்துவிட்டார். வருஷம் முழுக்க என்ற பேச்சும் அந்த ஃபோனோடு போனது.

மூன்றாம் நாள் அந்தம்மா மறுபடி ரோட்டைத் தாண்டி வந்தார்.

“மெட்ராஸ்காரரு எனக்கு ஃபோன் பண்ணினாருங்க. உங்க ஆர்டர எங்ககிட்டக் கேட்டாரு. தீபாவளிக்கு முடிஞ்ச அளவுக்குத் தாரேன்னு ஒத்துக்கிட்டேன். வேற யாராவது சொல்லி உங்களுக்குத் தெரியறதுக்கு முன்னால நானே சொல்லிப்போடலாமுன்னு வந்தேன்.”

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. “அப்ப, சீல் கதைய இதுக்குத்தான் சொன்னீங்களாக்கும்?”

“நீங்க போயிப் பாத்தீங்கல்ல? கறுப்பு இருந்துதா இல்லீங்களா?”

“இருந்துதுங்க.”

“அப்பறமென்னுங்க? சொல்ல வேண்டியதச் சொன்னேன். வந்த ஆர்டர உட்டுட்டு உக்கார நான் என்ன மடமா நடத்தறேன்? நீங்களா இருந்தா உட்டுருப்பீங்களா?”

விட்டிருக்க மாட்டேன். அது அவருக்கும் தெரியும். நல்ல சீல் எந்தக் கடையில் கிடைக்கிறது என்று எழுதிய ஒரு துண்டுச் சீட்டை என் மேஜை மேல் வைத்துவிட்டுப் போனார். அவர் பட்டறை வாசலில் மெட்ராஸ் லாரி நின்று பெட்டிகள் ஏறியதை, என் நாற்காலியில் உட்கார்ந்தபடி முழுசாகப் பார்த்தேன். இரண்டு மாதம் அவரோடு பேசவில்லை. ஸ்பேனர்கூட வேறு தெருவில் போய் வாங்கினேன்.

அந்த இரண்டு மாதமும் நான் விற்ற மிஷின்களைத் தேடித் தேடி சீல் மாற்றிக்கொண்டிருந்தேன். மாற்றிவிட்டு வந்துவிடவில்லை. உட்கார்ந்து ஆட்டினேன். டிரம்மைத் தூக்கும்போது விரல் நசுங்குவதையும், மாவு வழிக்கும்போது ஒரு மூலைக்குக் கை எட்டாததையும், சின்ன வீடுகளில் மிஷினுக்கு இடமில்லாமல் அதன் மேலேயே பாத்திரம் அடுக்குவதையும் அப்போதுதான் பார்த்தேன். ஒவ்வொன்றாகத் திருத்தினேன். பொங்கல் சமயத்தில் ஆர்டர் வர ஆரம்பித்தது. கடைக்காரர்களிடமிருந்து அல்ல. சிங்காநல்லூர்ப் பெண்ணின் அக்கா, அக்காவின் பக்கத்து வீடு, பக்கத்து வீட்டுக்காரியின் நாத்தனார் என்று சமையலறை சமையலறையாக வந்தது. அடுத்த வருஷம் சொந்த ஷெட்டுக்கு அஸ்திவாரம் தோண்டினேன். மெட்ராஸ்காரர் இல்லாமலே.

சொந்த ஷெட் எழும்பிக்கொண்டிருந்தபோது ஒரு நாள் கிணத்துக்கடவுக்குப் போனேன். அங்கே ஒரு தென்னந்தோப்புக்காரர் வீட்டில் என் புது மாடல் மிஷின் மூன்று மாதமாக ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் தெரிந்த மொபெட் நின்றது. சந்தேகத்தோடு உள்ளே போனேன். சமையலறையில், என் மிஷினுக்கு முன்னால், மணிக்கட்டு வரை மாவுக்குள் கைவிட்டபடி அந்தம்மா உட்கார்ந்திருந்தார்.

“ஏனுங்க, இது என்ற மிஷினுங்க” என்றேன்.

“தெரியுமுங்க. அதுக்குத்தான வந்தேன்.”

“எத்தன நாளா இந்த வேல நடக்குது?”

“உங்கள்துல இது ஒம்பதாவது ஊடுங்க” என்றார், கொஞ்சமும் கூசாமல். அந்த வீட்டம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். “ஒரு மணி நேரமா பாக்கறாங்க. மாவ வெளிச்சத்துல காட்டிப் பாத்தாங்க. சத்தத்துக்குக் காது குடுத்துக் கேட்டாங்க. டிரம்மக் கழட்டி மாட்டிக்கூடப் பாத்துட்டாங்க.”

அந்தம்மா மாவை விரல்களுக்கிடையில் தேய்த்தார். குழவித் தண்டைக் குனிந்து பார்த்தார். மூலையில் விரலைவிட்டு வழித்தார். பிறகு எழுந்து கையைக் கழுவினார்.

“ஒரு கொறையும் சிக்கலீங்க” என்றார். என் வாழ்க்கையில் யாரும் அவ்வளவு கோபமாக என்னிடம் பேசியதில்லை.

காபி கலந்தாச்சு, குடித்துவிட்டுப் போங்கள் என்று வீட்டம்மா சொல்லச் சொல்ல, முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு மொபெட்டைக் கிளப்பிப் போய்விட்டார். நான் அந்தச் சமையலறைத் தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவருக்குக் கலந்த காபியையும் சேர்த்து இரண்டு டம்ளர் குடித்தேன்.